செல்வராணி இறங்கும் வாசல்

"உப்பு எங்க?" என்று கேட்காமல் செல்வராணி வண்டிச் சாவியைத் திருப்ப மாட்டார். கட்டில், பீரோ, துணி மூட்டை எல்லாம் குட்டியானை லோடு வண்டியில் ஏறி, கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஓடி, முடிச்சும் விழுந்த பிறகு கடைசியாக இந்தக் கேள்வி வரும். உப்பு ஜாடி பின்னால் சாமானோடு போகக் கூடாது. வீட்டுக்காரியின் மடியில், முன் சீட்டில்தான் வர வேண்டும். "பீரோ நசுங்குனா தட்டி எடுத்துக்கலாம் டீச்சர். உப்பு கொட்டுனா, போற வீட்டுல மனசே ஒட்டாது" என்பார்.

எனக்கு மாற்றல் வந்து புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்கு வீடு மாறியபோது, அந்த முன் சீட்டில் ஜாடியைக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். அவர் குடியிருக்கும் தெருவிலேயே, எதிர் வரிசையில் எனக்கும் வீடு அமைந்தது. அன்றிலிருந்து செல்வராணியை வேடிக்கை பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். சட்டைப் பையில் லைசென்ஸ், வெற்றிலை, ஒரு சின்னச் சீப்பு. ரோட்டில் மாடு படுத்திருந்தால் ஹார்ன் அடிக்க மாட்டார். வண்டியை நிறுத்தி, "கொஞ்சம் அங்கிட்டு ஒதுங்கிக்கங்க" என்று மரியாதையாகக் கேட்பார். மனிதர்களுக்கு அந்த மரியாதை கிடையாது. கூடவே சுமை ஏற்றும் ராக்கனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவருக்கும் அன்றாடம் திட்டு உண்டு. "கண்ணாடிய தூக்குறியா, கருவாட்டுக் கூடைய தூக்குறியா? பையப் போய்யா!" ராக்கன் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டார்.

செல்வராணி சாமானைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடுவார். லீவு நாளில் நானும் கூடப் போயிருக்கும்போது, ஒரு வீட்டில் இரண்டு மிக்சி ஏறினால் என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்குவார். மாமியார் ஒன்று, மருமகள் ஒன்று என்று அர்த்தம். ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் சொல்லும் வழக்கமில்லை. சிரிப்பை அடக்கத்தான் தெரியாது.

ஒரு நாள் திடீரென்று கேட்டார். "டீச்சர், ஒங்க லைசென்ஸ்ல எந்த அட்ரஸ் இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டு வீட்டுக்கு முந்தின விலாசம். "அதையெல்லாம் யாரு மாத்துறா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

செல்வராணிக்குப் பிறந்த ஊர் கொடும்பாளூர். வாழ்க்கைப்பட்டது கந்தர்வக்கோட்டையில். லைசென்ஸ் எடுத்ததும் அந்த விலாசத்தில்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு மூட்டையோடு அந்த வீட்டை விட்டு வெளியேறி இங்கே வந்துவிட்டார். "சரிப்படல டீச்சர்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. கியர் மாற்றும்போதெல்லாம் நேராக நீளாத அந்த இடது முழங்கையைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு கேட்கத் தோன்றாது.

"போன மாசம் திருமயம் ரோட்டுல ஒரு ஆளு வண்டியோட விழுந்து கெடந்தாரு. போலீஸ்காரங்க வந்து மொதல்ல பையில லைசென்ஸத்தான் தேடுனாங்க. அட்ரஸப் பாத்து அந்த ஊருக்குப் போன் போட்டாங்க" என்றவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கு அப்படி ஒண்ணு ஆச்சுன்னா என்னைய எங்க கொண்டுபோய் எறக்குவாங்க? அந்த வாசல்லதான? ஊரு சாமானையெல்லாம் வீடு தப்பாம எறக்குறேன். நான் தப்பான வாசல்ல எறங்கக் கூடாது டீச்சர்."



விலாசம் மாற்ற வாடகைப் பத்திரம் வேண்டும். அதைக் காட்டி ஆதாரை மாற்றி, ஆதாரைக் காட்டி லைசென்ஸை மாற்ற வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் மீனம்மாளிடம் செல்வராணி கேட்டார். அந்த அம்மாளுக்கு நல்ல மனசுதான். ஆனால் கையெழுத்து என்றால் குலை நடுங்கும். "எழுதிக் குடுத்தா நாளைக்கு வீடே எங்களுதுன்னு நிப்பாங்கன்னு சொல்றாங்க புள்ள. எம்மகன் வேற துபாய்ல இருக்கான். நான் என்ன பண்ணுவேன்?"

செல்வராணி சண்டை போடவில்லை. "சரிக்கா, பேப்பர் குடுக்குற வீடாப் பாத்துக்கிறேன்" என்று வேறு ஒரு வீட்டைப் பேசிவிட்டு, மறுநாளே வண்டியை வாசலில் நிறுத்தினார். ஊரையே கட்டி ஏற்றுகிறவருக்குத் தன் வீட்டில் கட்டுவதற்கு ஒன்றுமில்லை. வந்த நாளில் கட்டியிருந்த இரண்டு மூட்டையும் அப்படியே இருந்தன. இத்தனை நாளும் ஒரு சட்டி, ஒரு தட்டு, ஒரு டம்ளரில் ஓட்டியிருக்கிறார். ராக்கன் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு முதல் முறையாக வாயைத் திறந்தார். "உப்பு எங்க?"

செல்வராணி ஜாடியைக் கொண்டுவந்து முன் சீட்டில் வைத்தார். மடியில் வைத்துக்கொள்ள யாருமில்லை. சீட் பெல்ட்டை இழுத்து ஜாடிக்கு மாட்டினார்.

மீனம்மாள் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விறுவிறுவென்று வந்து கதவைத் திறந்து, பெல்ட்டை எடுக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டி, ஜாடியை உருவி இடுப்பில் வைத்துக்கொண்டார். "எங்கிட்டுடி போற? உப்பத் தூக்கிட்டுப் போறாளாம். போ, எழுதிக் கொண்டா. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்." ஜாடியோடு உள்ளே போய்விட்டார். ராக்கன் முனகிக்கொண்டே மூட்டைகளை இறக்கினார்.

ஆதார் மாறி வந்ததும் செல்வராணி இ-சேவை மையத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "நீங்களும் மாத்துங்க. பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்குறீங்க?" கணினி முன்னால் இருந்த வைஷ்ணவி என்ற பெண் அவருடைய பழைய லைசென்ஸைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா, வீட்டுக்காரர் பேரு இருக்கே, அதையும் மாத்தணுமா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும் பாப்பா. பேரு என்னைய என்ன பண்ணப் போகுது? வாசல மட்டும் மாத்து."

என்னிடம் ஏதோ ஒரு காகிதம் குறைந்தது. நான் பழைய விலாசத்தோடு திரும்பினேன்.

புது அட்டை தபாலில்தான் வரும் என்றார்கள். அதன் பிறகு செல்வராணி தூரத்து லோடுக்குப் போகவே இல்லை. ஆளில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று பயம். பக்கத்து லோடுக்குப் போகும்போது மீனம்மாள் வாசலில் காவல் இருந்தார்.

தபால்காரர் ஆத்மநாதன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். "செல்வராணின்னு இங்க யாரு?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் மீனம்மாள் முந்திக்கொண்டார். "எங்க வீட்டுப் புள்ளதான். இந்தா நிக்கிறா."

செல்வராணி உறையைப் பிரித்தார். போட்டோவைப் பார்க்கவில்லை. விலாசத்தின் மேல் விரலை வைத்து, கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரைக்கும் ஓட்டினார். வாசல் நிலையில் இருந்த எண்ணை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இருங்க சார், டீ குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளே போனார். அடுப்பில் தண்ணீர் வைத்தவருக்கு அப்புறம்தான் வீட்டில் ஒரே ஒரு டம்ளர் இருப்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூலையில் இருந்த பாத்திர மூட்டையை இழுத்துப்போட்டு அவிழ்க்க உட்கார்ந்தார்.

மூன்று வருட முடிச்சு நன்றாக இறுகியிருந்தது. நகம்தான் வலித்தது. மீனம்மாள் அடுக்களையிலிருந்து கத்தியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"வேணாங்க்கா, நல்ல கயிறு. நாளைக்கு லோடு இருக்கு" என்றார் செல்வராணி. குனிந்து, முடிச்சைப் பல்லால் கவ்வி இழுத்தார்.