கணக்கு மிஸ்ஸுக்கு இல்லாத மகள்

எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் நன்றாகப் பாடம் நடத்துகிறாரா என்று வகுப்புக்குள் எட்டிப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. வருடத்துக்கு ஐம்பது மணி நேரம் ஆன்லைன் பயிற்சியில் உட்கார்ந்ததற்கான சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கிக் காட்டினால் போதும். என்னைப் போல் தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கு அது கட்டாயம். ஐம்பது இல்லையென்றால் ஏப்ரலில் வேலை நிரந்தரமாகாது என்று நான் சேரும்போதே முதல்வர் சொல்லிவிட்டார்.

முதல் சில மாதங்கள் நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கவனித்தேன். பயிற்சி நடத்தும் கருத்தாளர்கள் மாறினார்கள், அவர்கள் காட்டிய பனிப்பாறைப் படம் மாறவில்லை. நீருக்கு மேலே தெரிவது மாணவனின் நடத்தை, கீழே மறைந்திருப்பது அவன் மனம். திருவானைக்காவலில் சாயங்காலப் புழுக்கத்தில், ஃபேன் ஓடாத ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து நான் எத்தனை பனிப்பாறைகளைப் பார்த்தேன்! ஒவ்வொன்றையும் நோட்டில் வரைந்தும் வைத்தேன். ஒருவேளை கடைசியில் பரீட்சை வைத்துவிட்டால்? வைக்கவே இல்லை. ஒரு படிவம் வரும். ‘மிகவும் பயனுள்ளது’ என்பதைத் தொட்டால் சான்றிதழ் வந்துவிடும்.

பயிற்சிகள் வியாழக்கிழமைகளில் நாலு முதல் ஆறு வரை. அதே வியாழக்கிழமை ஐந்து மணிக்குத் தில்லைநகரில் என் மகளுக்குப் பேச்சுப் பயிற்சி. அவளுக்கு நாலரை வயது. திக்குகிறாள். அந்தப் பயிற்சியாளரிடம் வேறு நேரம் காலியில்லை. கணவருக்கு துவாக்குடியில் தொழிற்சாலை வேலை. ஷிப்டை மாற்றிக்கொள்வது எப்போதாவதுதான் முடியும். முதல்வரிடம் அனுமதி கேட்கலாம். கேட்டால், ‘இந்த அம்மாவுக்கு இப்பவே ஆயிரம் பிரச்சினை’ என்று மனதில் குறித்துக்கொள்வாரோ? கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே மூன்று வியாழக்கிழமைகள் போயின.

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணக்கு மிஸ்தான் வழி சொன்னார்.

“வீட்ல பழைய போன் இருக்கா உனக்கு?”

“இருக்கு மிஸ். லாக்டவுன்ல வாங்கினது. ஸ்கிரீன் ஓரமா விரிஞ்சிருக்கு.”

“விரிஞ்சா என்ன, அதுவா பாடம் நடத்தப் போகுது? கொண்டா.”

ஸ்டாஃப் ரூம் பீரோவில், விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு மஞ்சப்பை இருந்தது. அதில் ஐந்து பழைய போன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி ‘கணக்கு’, ‘அறிவியல்’, ‘தமிழ்’ என்று எழுதியிருந்தது. என்னுடையது ஆறாவது. வியாழக்கிழமை ஒருவர் மட்டும் இருந்து ஆறு போன்களையும் பயிற்சியில் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். மற்ற ஐந்து பேரும் மணியடித்ததும் கிளம்பிவிடுவார்கள். அதற்கு விதிகளும் உண்டு. ஆறு பேரும் ஒரே வார்த்தையில் வணக்கம் சொல்லக் கூடாது. ‘அருமையான அமர்வு’ என்று இரண்டு பேருக்கு மேல் எழுதக் கூடாது. யாராவது ஒருவருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும்.

என் முறை வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. ஆனால் பாப்பா நாலு வாரம் தொடர்ந்து தில்லைநகர் போய் வந்தாள்.

என் முறை வந்த வியாழக்கிழமை கணவர் பாப்பாவை அழைத்துப்போனார். நான் ஆறு போன்களையும் மேஜையில் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். அன்றைய தலைப்பு, ‘மாணவர் பேச்சை முழுமையாகக் கேட்பது எப்படி’. கருத்தாளருக்குப் பின்னால் புத்தக அலமாரிப் படம். அவர் கையை ஆட்டும்போதெல்லாம் விரல்கள் அந்த அலமாரிக்குள் கரைந்தன. ஆசிரியர் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும் இருக்கப் பழக வேண்டும் என்றார். நான் ஆறு இடத்தில் இருந்துகொண்டு தமிழ் மிஸ்ஸின் பெயரில் ‘உண்மை ஐயா’ என்று எழுதினேன்.

அரை மணி கழித்து, எல்லோரையும் பத்துப் பத்துப் பேராகப் பிரித்துத் தனித்தனி ஆன்லைன் அறைகளில் விடப் போவதாகச் சொன்னார். மாணவன் பேச்சைக் கேட்கத் தவறிய அனுபவம் ஒன்றை ஒவ்வொருவரும் அங்கே பேசிவிட்டு, தங்கள் பெயரில் எழுதிப் போட வேண்டுமாம். அடுத்தடுத்துச் சேர்த்ததாலோ என்னவோ, ஆறு போன்களும் ஒரே அறைக்குள் விழுந்தன. திரையில் பத்துக் கறுப்புக் கட்டங்கள். அதில் ஆறு நான். மூன்று நிமிடம் யாரும் பேசவில்லை.

“மேடம், யாராவது ஆரம்பிங்களேன்,” என்றது ஒரு பெண் குரல். “நான் மருங்காபுரி பக்கம். சிக்னல் எப்ப போகும்னு தெரியாது.”

பதறிப்போய் ஒரே நேரத்தில் இரண்டு போன்களில் மைக்கைத் திறந்துவிட்டேன். என் ‘வணக்கம்’ போனுக்குப் போன் தாவி, ஊளையிட்டுக்கொண்டு திரும்பி வந்தது. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

“எத்தனை வச்சிருக்கீங்க மேடம்?”

மறைத்துப் பயனில்லை. “ஆறு,” என்றேன்.

“என்கிட்ட நாலு. அப்ப நாம ரெண்டு பேர்தான். நீங்க ஆறு கதை எழுதுங்க, நான் நாலு எழுதறேன்.”

ஐந்து கதைகளை அவசரமாகக் கட்டினேன். அதில் ஒன்றை என் பெயரில் போட்டேன். ஆறாவதற்குக் கற்பனை வறண்டுவிட்டது. “எனக்கு வேற ஒண்ணும் தோணல மேடம்,” என்றேன். “என் பொண்ணு திக்குவா. ஒரு வார்த்தைய ஆரம்பிச்சா, என்னால பொறுக்க முடியாம நானே சொல்லி முடிச்சிடறேன். முடிச்சதும் அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். தெரிஞ்சும் பண்றேன்.”

பிறகு அவர் கேட்டார். “இதை எந்த போன்ல போடப் போறீங்க?”

மிச்சமிருந்தது ‘கணக்கு’ மட்டும்தான். அதில் ஐந்து வரியில் எழுதிப் போட்டேன்.

இரவு கணக்கு மிஸ்ஸுக்கு விஷயத்தைச் சொல்லி ஒரு செய்தி எழுதி, அனுப்பாமல் அழித்தேன். யாரும் எதையும் படிப்பதில்லை என்பதுதானே இத்தனை மாத அனுபவம்?

இந்தக் கருத்தாளர் படித்திருந்தார். கண் கலங்கினாராம். முதல்வருக்கு எழுதியும் விட்டார். மறுநாள் காலை ஸ்டாஃப் மீட்டிங்கில் முதல்வர் அந்த ஐந்து வரியை உருக்கமாக வாசித்துவிட்டு, கல்லூரியில் படிக்கும் இரண்டு மகன்களைத் தவிர வேறு பிள்ளைகள் இல்லாத கணக்கு மிஸ்ஸைப் பார்த்தார்.

“பாப்பா இப்ப எப்படி இருக்கா மிஸ்?”

கணக்கு மிஸ் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. “இப்ப தேவலாம் சார்.”

அறிவியல் மிஸ்ஸுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“இனிமே வியாழக்கிழமை பயிற்சிக்கு உக்கார வேண்டாம், மூணே முக்காலுக்கே நீங்க கிளம்பலாம். குழந்தையக் கவனிங்க,” என்றார் முதல்வர். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

இரண்டாம் பீரியடில் கரும்பலகையில் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை எழுதினேன். மதிய இடைவேளையில் முதல்வர் அறைக்குப் போனேன்.

“சார், வியாழக்கிழமை எனக்கும் பெர்மிஷன் வேணும். என் பொண்ணும் திக்குவா.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “காலைல ஒருத்தருக்குக் குடுத்தேன். மத்தியானம் இன்னொரு குழந்தை திக்குது. சாயங்காலத்துக்குள்ள எத்தனை பேர் வருவீங்க?”

“அது என் பொண்ணுதான் சார். அதை எழுதினது நான்.”

“கணக்கு மிஸ் பேர்லல்ல வந்துச்சு?”

“ஆமா சார். அன்னிக்கு வந்து...”

ஆறு போன்களையும் மஞ்சப்பையையும் எந்த வரிசையில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவரால் அவ்வளவு நேரம் பொறுக்க முடியவில்லை.

“புரியுது. நீங்க அவங்ககிட்ட மனசு விட்டுச் சொல்லியிருக்கீங்க. அவங்க அதைத் தன் கதையா எடுத்துப் போட்டுட்டாங்க. அதானே?”

“அப்படி இல்ல...”

“விடுங்க, நீங்க காட்டிக்குடுக்க மாட்டீங்க. பெர்மிஷன் உங்களுக்கு. அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்.”

நான் பாப்பாவிடம் தினமும் செய்வதை அவர் என்னிடம் செய்து முடித்தார். பாப்பா முகம் சுருங்கிப்போவாள். நான் “தேங்க்ஸ் சார்” என்றேன்.

மூன்று மணிக்குக் கணக்கு மிஸ் வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

“அடுத்தவங்க கஷ்டத்தைத் திருடினேனாம். உக்கார வச்சு அட்வைஸ் பண்றார். தப்பா நெனச்சிட்டீங்க சார்னு ஒரு வார்த்தை நீ சொல்லக் கூடாது?”

“சொன்னா ஆறு பேரும் மாட்டுவோம் மிஸ்.”

“அதுக்காகத்தான் சொல்லலியா?”

இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். “வியாழக்கிழமை போயிடும்னு சொல்லல மிஸ்,” என்றேன்.

“இதையாவது நேரா சொன்னியே.” ஸ்டாஃப் ரூமுக்குள் கூட்டிப்போய், பீரோவைத் திறந்து என் போனை எடுத்தார். முதுகில் இருந்த பிளாஸ்திரியை உரித்துவிட்டுக் கையில் கொடுத்தார்.

என் கோப்பில் முப்பத்தாறு மணி நேரம் இருக்கிறது. வியாழக்கிழமை அனுமதியில் போகிறவளுக்குச் சான்றிதழ் கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஏப்ரலில் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்குக் கிளம்பிப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் ஏறினேன். காவிரிப் பாலம் தொடங்கும் இடத்தில் அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பாலம் முடிந்தும் அந்த வாக்கியம் முடியவில்லை. நாலு முறை என் வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினேன். கடைசியில் சொல்லிவிட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை. யாரோ அவளுடைய பிஸ்கட்டை எடுத்துத் தின்றுவிட்டு, தன்னுடையது என்று சொன்னார்களாம்.