மூன்றாவது தூண் ஏன் தாங்கியது

இறுதியாண்டு ஆய்வுக்காக நான் உடைத்தவை மூன்று தூண்கள். முழங்கால் உயரம், சதுர வடிவம். கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பாதான் வார்த்துத் தந்தார். அப்பா மேசன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போகிற தூண் என்று சொல்லி, அப்பா கருங்கல் சல்லியைக்கூட இரண்டு தரம் கழுவினார்.

அந்தத் தூண்கள் எவ்வளவு பாரத்தில் உடையும் என்று கணினியில் ஒரு மொடல் செய்து முன்கூட்டியே சொல்வது என் வேலை. வெறும் தூண்கள் அல்ல, கார்பன் நார்த்துணியைப் பசை தடவிச் சுற்றியவை. மேலிருந்து நசுக்கும்போது கொங்கிறீற் பக்கவாட்டில் வீங்கப் பார்க்கும். துணி அதை வீங்க விடாமல் இறுக்கிப் பிடிப்பதால் தூண் கூடுதலாகத் தாங்கும். மூலை கூராக இருந்தால் மட்டும் துணி அங்கே வெட்டுப்பட்டுக் கிழிந்துவிடும். அதனால், மூலைகள் வட்டமாக வரட்டும் என்று, நான்காகப் பிளந்த குழாய்த் துண்டுகளைப் வார்ப்பதற்கான பலகைப் பெட்டிகளின் உள்மூலைகளில் ஆணி அடித்துவிட்டுப் பரீட்சைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது பன்னிரண்டு மூலைகளும் கத்தி போல் நின்றன. குழாய்த் துண்டுகள் விலகியிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்பாவைக் கேட்கவில்லை. கிரைண்டரால் மூலைகளைக் கொஞ்சம் உரசி வட்டமாக்கி, துணி சுற்றி, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் நசுக்கினேன்.

முதல் இரண்டும் மொடல் சொன்னதற்கு வெகு முன்னரே வெடித்தன. மூன்றாவது, சொல்லிவைத்தது போல, சரியாக அந்தப் பாரத்தில் உடைந்தது.

"மூண்டில ஒண்டுக்குத்தான் உம்மட மொடல் சரி," என்றார் மேற்பார்வை செய்த விரிவுரையாளர். "காரணத்தைக் கண்டுபிடியும். இல்லாட்டி அடுத்த வருசப் பிள்ளையளோடதான் நீர் வெளிய போவீர்."

நான்கு நாட்கள் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டினேன். அலகுகளைப் பார்த்தேன், துணியின் தடிப்பைப் பார்த்தேன். முதல் இரண்டுக்கும் பொருந்தும்படி ஒரு எண்ணை மாற்றினால் மூன்றாவது கைவிட்டுப் போனது. மூன்றாவதைப் பிடித்தால் மற்ற இரண்டும் போயின. ஐந்தாம் நாள் கணினியை மூடிவிட்டு, உடைந்த முதல் தூணின் துணியை உரித்தேன். மூலை மாங்காய்க் கீலம் போலத் தனியாகக் கழன்று கையில் வந்தது. அதில் ஒரு சல்லிகூட இல்லை. மணலும் சீமெந்தும்தான்.

அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா சாந்து பூசுகிற சாந்தகப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இது என்னப்பா?"

"மூலை. பெட்டி கழட்டேக்க எல்லாம் மழுங்கி மொங்கிப்போய் வந்துது. சாந்து பூசிக் கூராக்கி எடுத்துவிட்டனான்."

"வட்டமா வரவேணுமெண்டுதானே குழாய் வைச்சனான்!"

"அது பெட்டியை இறுக்க வைச்சதெண்டெல்லோ நான் நினைச்சன். மொங்கின மூலையை வீட்டுக்காரன் காண முதல் எடுத்துவிட வேணும் தம்பி. அதுதான் மேசன்."

"எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"பூசினதை ஊரைக் கூட்டிச் சொல்லுறவன் ஆரடா?"

எனக்குக் கோபத்தை விட நிம்மதிதான் கூடுதலாக வந்தது. காரணம் கிடைத்துவிட்டது: பூச்சு கழன்றதும் துணியின் பிடி விட்டுப்போயிருக்கிறது. "அப்ப மூண்டாவதைப் பூசாமல் விட்டிட்டியள், என்ன?"

"ஏன் விடுறன்? மூண்டும் ஒரே சாந்துக் குழையல், ஒரே பின்னேரம்."

நம்பவில்லை. மறுநாள் மூன்றாவதையும் உரித்தேன். அதிலும் மூலை பூசியதுதான். விரிவுரையாளரின் மேசையில் இரண்டு கீலங்களையும் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், இன்னும் மூன்று தூண்கள் வார்க்கும்படி சொல்லி, தவணை தந்தார்.

இப்போது அவை முற்றத்தில் ஈரச் சாக்குக்கடியில் கிடக்கின்றன. இந்த முறை பெட்டி கழற்றும்போது நானும் பக்கத்தில் நின்றேன். வட்ட மூலைகளைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பா சாந்தகப்பையைத் தொடாமல் இருந்தார். அது அவருக்கு லேசாக இருக்கவில்லை.

"உந்தப் புத்தகத்தில என்ர பிழையெண்டு எழுதப்போறியோ?"

"மூலை பூசினதெண்டு எழுதுவன். ஆர் பூசினதெண்டு எழுதமாட்டன்."

அப்பா சாக்கில் தண்ணீர் ஊற்றினார். "ரெண்டு தூண் உடைஞ்சது என்ர பூச்சாலை எண்டா, மூண்டாவது தாங்கினது ஆராலையாம்? அதையும் எழுது."

அறிக்கையில் மூன்றாவது தூணுக்கான பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.