பன்னீரக்காவின் நான்கு நாட்கள்

பன்னீரக்காவை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டுப் பின்கட்டில் ரோஜா காய்ச்சிப் பன்னீர் எடுத்து விற்றதால் அவள் பன்னீரக்கா. தபால்காரர்கூட உறையில் இருக்கும் பெயரைப் பார்த்துக் குழம்பி, "இது நம்ம பன்னீரக்காதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். அவள் வீட்டு மாடியில் நான் பதினோரு வருடம் குடியிருந்தேன்.

விடியும்போதே சந்தைக்குப் போய், பாதி விரிந்த ரோஜாக்களாகப் பார்த்துப் பொறுக்கி வருவாள். இதழ்களைச் செம்புப் பானையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஆவி வெளியேறாமல் மூடியைச் சுற்றி மாவைப் பூசி அடைப்பாள். சின்னத் தீயில் கொதித்த ஆவி ஒரு குழாய் வழியாகக் குளிர்ந்து பாட்டிலில் சொட்டும். முதலில் இறங்குவது கண்ணுக்கு. அதற்குப் பிறகு வருவது முகத்துக்கு. வாய்ப்புண், வயிற்றெரிச்சல் என்று வருகிறவர்களுக்கு இதழையும் சர்க்கரையையும் அடுக்கி வெயிலில் வைத்த குல்கந்து இருந்தது.

கண்ணுக்காக வருகிறவர்கள்தான் அதிகம். வெல்டிங் பட்டறை ஆட்கள், லாரி ஓட்டுகிறவர்கள், விடிய விடியக் கணினி பார்த்தவர்கள். நாற்காலியில் சாய்த்து, கீழிமையை இழுத்து இரண்டு சொட்டு விட்டு, மேலே நனைத்த பஞ்சை வைப்பாள். "கண்ண மூடு. அப்படியே வாயையும் மூடு" என்பாள். ஒரு வெல்டர் கண்ணை மூடிய கையோடு குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். எழுந்து போகும்போது எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "உன் கை ராசிக்கா."

அவளை நம்பாத ஒரே ஆள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தாள். தங்கை. புருஷனோடு ஒத்துவராமல் அக்காவிடம் வந்தவள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு, ஒரு துணிக்கடைக்குக் குழந்தைகளின் கவுன் தைத்துக் கொடுத்தாள். வாய் மட்டும் கத்தரிக்கோலைவிடக் கூர்மை.

"எல்லாத்துக்கும் ரோஜாதானா? நாளைக்கு எனக்குப் பல்லு விழுந்தா அந்த எடத்துல முள்ளை நட்டு விடுவியா?"

"உன் வாய்க்கு ரோஜாத் தோட்டமே போட்டாலும் பத்தாதுடி."

இருவரும் சிரிப்பது மாடி வரைக்கும் கேட்கும். இருபது வருடத்தில் தங்கை ஒரு சொட்டுப் பன்னீர் கண்ணில் விட்டுக்கொண்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு லீவு. மத்தியானம் கீழே மெஷின் சத்தம் பாதியில் நின்றதும் இறங்கிப் போனேன். வலது பக்கம் தலை வெடிக்கிறது என்றாள் தங்கை. கண் செக்கச்செவேல் என்றிருந்தது. பல்பைப் பார்த்தால் அதைச் சுற்றிக் கலர் கலராக வளையம் தெரிகிறதாம். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு அவளாகவே நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டு, "உன் மருந்தையே போடு, தாங்க முடியல" என்றாள்.

அக்கா முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்துபோனது. நான் பார்த்தேன். அவளைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. இருபது வருடம் காத்திருந்தவளுக்கு அதுகூட வராதா?

தங்கை தூங்கினாள். செவ்வாய்க்கிழமை வலி திரும்ப வந்தது. மறுபடி பஞ்சு, மறுபடி சொட்டு. புதன்கிழமை ஆபீஸ் போகும் வழியில் எட்டிப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிரலாமேக்கா" என்றேன்.

"உடம்புச் சூடு. கண்ணுல ஏறியிருக்கு. இன்னும் ரெண்டு நாள்ல இறங்கிரும்."

"அவ கை பட்டா சுகமா இருக்கு, விடேன்" என்றாள் தங்கையும், பஞ்சுக்கு அடியிலிருந்து. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை வலி குறைந்திருந்தது. தங்கை எழுந்து மெஷினில் உட்கார்ந்தாள். நல்ல கண்ணைக் கையால் மூடிப் பார்த்திருக்கிறாள். "அக்கா, லைட்டைப் போடு" என்றாள். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஜன்னலில் வெயிலும் அடித்துக்கொண்டிருந்தது.

கண் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. நீண்ட நேரம் சோதித்துவிட்டு, "கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி நரம்பு செத்துப்போச்சு. இந்தக் கண்ணுல பார்வை திரும்பாது. இன்னொரு கண்ணுக்கும் இப்படி வராம லேசர் வச்சிரலாம்" என்றாள்.

"நான் போட்ட பன்னீராலயா?" என்று கேட்டாள் அக்கா.

"பன்னீர் ஒண்ணும் பண்ணலம்மா. நாளுதான் போயிருச்சு. திங்கக்கிழமையே வந்திருந்தா பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம்."

பன்னீர்தான் கெடுத்தது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தால் அக்கா எப்படியாவது தாங்கியிருப்பாள் என்று தோன்றுகிறது. பன்னீரைச் சாக்கடையில் கொட்டிவிடலாம். கொட்டவும் செய்தாள், இருந்த பாட்டில் அத்தனையும். தெருவே இரண்டு நாள் மணத்தது.

தங்கைக்கு ஒற்றைக் கண்ணில் ஊசித்துளை அகப்படவில்லை. தையல் ஒரு விரல் தள்ளி ஓடியது. துணிக்கடைக்காரர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலை அனுப்புவதை நிறுத்தினார். அவள் பேச்சும் குறைந்துபோனது. சாப்பிட்டாயா என்றால் ம், வலிக்கிறதா என்றால் ம்ஹூம்.

ஒரு சாயங்காலம் மாடிப்படி இறங்கும்போது அக்காவின் குரல் கேட்டது. "என்னைத் திட்டுடி. ஒரு தடவையாவது வாய்விட்டுத் திட்டிரு."

"திட்டுனா உனக்குச் சரியாயிரும்" என்றாள் தங்கை. "எனக்கு?"

நான் வந்த படியிலேயே திரும்பி மேலே ஏறிவிட்டேன்.

தங்கை அந்த மாதமே சித்தி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே சமையலுக்கு ஒத்தாசை. அக்கா எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. வெல்டர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பாள். "தலைக்கனம் வந்திருச்சு இவளுக்கு" என்று திட்டிக்கொண்டே போவார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் கை ராசி என்று ஆரம்பித்தார். கதவை அவர் முகத்தில் அறைந்து சாத்தினாள்.

அப்புறம் அவள் தினமும் கண் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தாள். சீட்டும் இல்லை, நோயும் இல்லை. வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம், "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்பாள். "நாலு நாள்" என்று யாராவது சொன்னால் அவர்களைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போவாள். சண்டை வந்தது. காவலாளி உள்ளே விட மறுத்துவிட்டார். வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் முன் அங்கே போய் அவளைப் பார்த்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். "வீட்டுக்கு வாக்கா, போலாம்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லாமல் கேட்டாள். "புதன்கிழமை நீ வந்தியே. அப்பவே எங்க ரெண்டு பேரையும் ஏன் இழுத்துட்டுப் போகல?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னுடைய பஸ் வந்தது, நின்றது, போனது. ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் கண்ணில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். அக்கா எழுந்து சாலையைக் கடந்து அவரிடம் ஓடினாள்.