நாலாம் குழியின் சரிவு

எரிந்த என்ஜின் எண்ணெயும் ஆற்று மணலும் கலந்தால் ஒரு வாடை வரும்; லாரிப் பட்டறை வாசலில் இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால், எனக்குத் தும்மலோடு ஓமலூர்ப் பக்கத்துக் கரட்டுக்குன்றின் மேலிருந்த கோல்ப் மைதானமும் வந்துவிடுகிறது. அந்தக் கரட்டில் பசும்புல் பிழைக்காது. ஆகவே ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வட்டமாக மணலைக் கொட்டி, காற்றில் பறக்காமலிருக்கப் பழைய எண்ணெயைத் தெளித்து இழுத்துவிட்டிருப்பார்கள். ஒன்பது குழி, ஒன்பது கொடி, குறுக்கே மூன்று ஓடை. எங்கள் பக்கம் மேட்டு நிலம் எல்லாமே காடுதான்; ஊரார் அதைப் "பந்துக்காடு" என்றார்கள். ராசிபுரத்துப் பக்கம் கிணறு வற்றி விவசாயத்தைக் கைவிட்டு வந்த என் அப்பாதான் அதன் மேஸ்திரி.

நான் பிறப்பதற்கு முன்பு யாரோ ஒரு வெள்ளைக்காரர் அந்த மைதானத்தை அமைத்தாராம். மண்ணை அதிகம் வெட்டாமல், கரடு எப்படிக் கிடந்ததோ அப்படியே விட்டு, பாறை மறித்த இடத்தில் பாதையைத் திருப்பி, பள்ளம் வந்த இடத்தில் அதைத் தாண்டி அடிக்கவைத்திருந்தார். வரைபடம் ஏதும் அவர் விட்டுப்போகவில்லை.

ஒன்பதில் நாலாம் குழிதான் எல்லோரும் பேசிய குழி. உயரத்தில் ஒரு பாறையருகே நின்று அடிக்க வேண்டும். கீழே நிலம் இடமிருந்து வலமாகச் சாய்ந்து ஓடையில் முடியும். ஓடைக்கு முன்னால் கொடி. கொடியைப் பார்த்து அடித்தவன் பந்து ஓடைக்குப் போகும். கொடியை மறந்து இடப்பக்க மேட்டைப் பார்த்து அடித்தால், பந்து அங்கே விழுந்து, யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்று, பிறகு சரிவில் வளைந்து இறங்கிக் கொடியைச் சுற்றிய மணலுக்கு வந்துசேரும். கிளப்பில் மூத்தவரான ஒரு டாக்டர் மட்டும்தான் அதைத் தவறாமல் செய்வார்.

ஓடையில் பந்தைத் தொலைத்த மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வந்த செயலாளர் கோடை விடுமுறைக்குக் கிளப்பை மூடிவிட்டுக் கிளம்பும்போது, நாலாம் குழியைக் கொஞ்சம் சரிசெய்யுமாறு அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நிலத்தைச் சரிசெய்வது என்றால் எங்கள் பக்கத்து விவசாயிக்கு ஒரே பொருள்தான்.

ஊரிலிருந்து ஆட்களும் இரண்டு ஜோடி மாடும் வந்தன. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு, பரம்படித்து, கல் கட்டி, அந்தச் சரிவை மூன்று படிகளாகச் சமனாக்கினார் அப்பா. கிணறு வற்றிய பிறகு அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. "இனி ஒரு பந்து ஓடைக்குப் போவாது சாமி" என்றார் என்னிடம்.

போகவும் இல்லை. விடுமுறை முடிந்த முதல் நாள் டாக்டர் அடித்த பந்து மேல்படியில் பொத்தென்று விழுந்து, அங்கேயே கிடந்தது. அடுத்தவர் பந்தும் கிடந்தது. டாக்டர் இறங்கி வந்து, கல்கட்டின் மேல் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"மேஸ்திரி, இதுல கடலைக்காய் போட்டா நல்லா வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "ஆமாங்க, நல்ல மண்ணுங்க" என்றார்.

டாக்டரே பாராட்டியதாக வீட்டில் வந்து சொன்னார். அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, அவுங்க வெளையாடற எடத்துல கடலைக்காய் எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டாள். அப்பா சாப்பாட்டை முடிக்காமல் எழுந்தார்.

மறுநாள் டாக்டரிடம் போய், தான் பார்க்க ஒரு பந்து அடித்துக்காட்டச் சொல்லி, அந்த மேல்பாறையருகே அவரோடு நின்றார். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "இத்தன வருசமா இந்தக் காட்டக் கீழ நின்னே பாத்துருக்கறேன். ஒரு நாளும் மேல நின்னு பாக்கல."

கல்கட்டைப் பிரித்தார். மண்ணை மறுபடி மேலே ஏற்றினார். டாக்டரும் சளைக்காமல் சாயங்காலங்களில் வந்து அடித்துப் பார்த்தார். ஒரு நாள் பந்து பாதியில் நின்றது. ஒரு நாள் நேராக ஓடைக்கு ஓடியது. மேடு இன்னும் உயரம் என்றார் ஒருவர், இன்னும் இடப்பக்கம் என்றார் மற்றொருவர். பழைய வளைவு யார் நினைவிலும் முழுதாக இல்லை. ஐப்பசி மழையில் ஒட்டாத புதுமண் கரைந்து ஓடையோடு போயிற்று. நாலாம் கொடியைப் பிடுங்கிவிட்டார்கள். மூன்றிலிருந்து நேராக ஐந்துக்கு நடந்தார்கள். வேலையிலிருந்து அப்பாவை யாரும் நீக்கவில்லை. நீக்கியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பிற்காலத்தில் வீடு கட்டியபோது வாசலைச் சமன்செய்ய அவர் யாரையும் விடவில்லை. மழைநீர் உள்ளே வருகிறதென்று அம்மா சாகும்வரை திட்டினாள்.

போன மாதம், முழங்கால் வலியையும் தூசியையும் சகித்துக்கொண்டு அங்கே போனேன். கரட்டை உடைத்து மனைகளாக்கி விட்டிருக்கிறார்கள். முழங்கால் உயரக் கற்கள், ஒரே அளவு இடைவெளி. விற்கும் பையன் குடை பிடித்து என்னை அழைத்துப் போனான். "ஒரு சாண் மேடு பள்ளம் கெடையாதுங்கய்யா" என்றான். அந்தக் காலத்துத் தண்ணீர்த் தொட்டியையும் மின்கம்பத்தையும் அடிவாரத்தில் மிச்சமிருந்த ஒரு பாறையையும் வைத்து, எட்டுக் குழிகள் இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டேன். நாலாவது எங்கே என்று மட்டும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு சரிவு வேண்டும்.