கல்லை இறக்கிய மாவு மில்

கம்பைநல்லூர் சந்தைக்குப் போகும் வழியில் ராஜமேரியின் மாவு மில் இருக்கிறது. அரூரில் ஒரு அரிசி ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவர், பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கப் பழகி, பிறகு ஓசையைக் கேட்டே பழுதைக் கண்டுபிடிக்கப் பழகினார். சொந்த மில் வைத்தது நாற்பது வயதுக்கு மேல்தான். வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை.

போன ஐப்பசி மழையில் மில்லுக்குள் தண்ணீர் புகுந்தது. மெஷினை இடுப்பு உயர இரும்புச் சட்டத்தின் மேல் தூக்கி வைத்தார். ஓடும்போது சட்டம் லேசாக நடுங்கியது. இந்தப் பக்கம் கிரானைட் குவாரியின் கழிவுக் கல்லுக்குப் பஞ்சமில்லை. எது ஆடினாலும் ஒரு கல்லைத் தூக்கி மேலே வைப்பார்கள். ராஜமேரியும் வைத்தார். நடுக்கம் கூடியது. பாரம் போதவில்லை என்று இன்னும் இரண்டு ஏற்றினார். அடங்கிவிட்டது.

தை பிறந்ததும் அடுத்த வீட்டுக் காளியப்பன் வந்து நின்றார்.

“ஏம்மா, உன் மொளகாத்தூளுக்கு எங்க வூட்டுச் செவுரும் வேணுமா? வெடிச்சு வாயப் பொளக்குது.”

“கல்லு வெச்சதும் ஆட்டம் நின்னுடுச்சுங்களேண்ணே.”

“ஆட்டம் நின்னுச்சு. செவுரு நிக்கலியே. திங்கக்கெழம பேரூராட்சியில எழுதிக் குடுக்கப் போறேன். மூடச் சொல்லிடுவாங்க.”

ராஜமேரி விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளர் ஒன்றை அவர் வீட்டு மாடக்குழியில் வைத்து, அவரையே பார்த்துக்கொள்ளச் சொன்னார். மெஷின் ஓடியது, தண்ணீர் அசையவில்லை. நிறுத்தினார். சக்கரம் வேகம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் சட்டம் தடதடவென்று உதறியது.

“சிந்துது, சிந்துது!” என்று காளியப்பன் கத்தினார்.

காய் பிடித்த மாங்கிளை மெதுவாக ஆடும், வெறுங்கிளை விறுவிறுவென ஆடும். சட்டத்துக்கும் தனக்கென்று ஒரு ஆட்ட வேகம் உண்டு; பாரம் ஏற ஏற அது குறையும். முதல் கல் அந்த வேகத்தை மெஷின் சுற்றும் வேகத்துக்குச் சரியாக இறக்கியிருந்தது. மற்ற இரண்டும் அதற்கும் கீழே தள்ளிவிட்டன. அதனால் ஓடும்போது அமைதி. கிளம்பும்போது சக்கரம் அந்த வேகத்தைச் சட்டென்று தாண்டிவிடும்; நிறுத்தும்போது மட்டும் அதை மெல்லக் கடந்துதான் நிற்க வேண்டும். மெஷினை நிறுத்திய, கரண்டு போன ஒவ்வொரு தடவையும் சுவர் இந்த உதறலை வாங்கியிருக்கிறது.

மறுநாள் மூன்று கல்லையும் இறக்கினார். கால்களுக்கு இடையே குறுக்கும் மறுக்குமாக இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டிங் செய்யச் சொன்னார். பாரம் குறைந்து விறைப்பும் கூடியதால், சட்டத்தின் ஆட்ட வேகம் மெஷின் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது.

மறுபடியும் டம்ளர் வைத்தார்கள். ஓட்டினார், நிறுத்தினார். ஐந்தாறு முறை. காளியப்பன் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

“வெடிப்பு?” என்றார்.

“நாந்தானே பூசித் தரணுங்க. நாளைக்கே ஆள் வருதுங்கண்ணே.”

அவர் டம்ளரை எடுத்து, தண்ணீரைக் குடித்துவிட்டு நீட்டினார்.

“சாயங்காலம் ராகி குடுத்து வுடறேன். நைசா அரைச்சு வையி.”

போகும்போது, இறக்கிப் போட்ட கல்லில் ஒன்றைத் துணி துவைக்க உருட்டிக்கொண்டு போனார்.