வெயிலும் ஒத்துக்காது, குளிரும் ஒத்துக்காது

இஸ்திரியக்காவுக்கு வெயில் ஒத்துக்காது என்று முதன்முதலில் கண்டுபிடித்தவர் அவளுடைய அப்பா. தம்பிகளோடு தெருவில் மட்டை பிடித்து நின்றவளை, "கறுத்துப் போயிடுவே, உள்ள வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வெயில் காலம் போய்க் குளிர் வந்ததும் அவள் மறுபடி மட்டையைத் தூக்கினாள். "சளி பிடிக்கும், உள்ள வா" என்றார். தம்பிகளும் கறுத்தார்கள், தம்பிகளுக்கும் மூக்கு ஒழுகியது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணம் ஆனபின் அந்தக் கவலையை மாமியார் எடுத்துக்கொண்டார். அதே வெயில், அதே சளி. ஒருநாள் இவளுக்குப் பொறுக்கவில்லை. "வெயிலும் ஒத்துக்காது, குளிரும் ஒத்துக்காதுன்னா, நான் கிரிக்கெட் ஆட எந்த மாசம்தான் இருக்கு, அத்தை? நீங்களே சொல்லுங்க."

மாமியார் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "மழைக்காலம்" என்றார்.

மழைக்காலத்தில் ஊர் மைதானத்தில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும்.

அவள் வேலை என்ன தெரியுமா? ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி. ஒரு பக்கம் கொதிக்கும் தொட்டிகள், மறுபக்கம் உலர்த்தும் இயந்திரங்கள், நடுவில் இவள். ஈரம் காயாத விரிப்பு பெட்டிக்கு அடியில் சீறும். ஆவி நேராக முகத்தில் அடிக்கும். வெளியாள் யாராவது எட்டிப் பார்த்தால் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு பின்வாங்குவார். அங்கே பகல் முழுக்க நிற்கிறவளுக்கு வெயில் ஒத்துக்காதாம்! கேட்டால் சிரிப்பதா அழுவதா?

சலவைக்கூடத்துப் பெண்களைச் சேர்த்து அவள் ஓர் அணி கட்டினாள். வாரத்தில் ஒரே ஒரு லீவு நாள், ஞாயிறு. மைதானத்தை யாருக்கு எப்போது விடுவது என்று தீர்மானிக்கிறவர் விளையாட்டு மன்றச் செயலாளர், மருந்துக்கடை வைத்திருப்பவர். ஆண்கள் அணிக்கும் அவர்தான் கேப்டன். அவர் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள். வெயில் காலத்தில் சாயங்காலம் ஆண்களுக்கு, உச்சி வேளை பெண்களுக்கு. குளிர் காலம் வந்ததும் உச்சி வேளை இதமாக ஆகிவிடுகிறதல்லவா, அது ஆண்களுக்குப் போய்விடும். பெண்களுக்கு விடிகாலை, பனியில்.

"விடிகாலைக் காத்து உடம்புக்கு ரொம்ப நல்லதும்மா" என்றார் செயலாளர். அந்த நல்ல காற்றை அவர் ஒருநாளும் வாங்க வந்ததில்லை.

சரி, கிடைத்ததில் ஆடுவோம் என்று ஆடினார்கள். குளிரில் பந்து கல்லாக இறுகிப்போகும், எழும்பவே எழும்பாது; விரல் நுனியில் பட்டால் உயிர் போய் உயிர் வரும். ஆனால் ஓடி ஓடி உடம்பு சூடேறிவிட்டால் பிறகு எல்லாம் சுகம். வெயில் அப்படியில்லை. ஆரம்பத்தில் சிநேகிதம் காட்டும். பந்து துள்ளும், கை லேசாக இருக்கும், இன்றைக்கு நாம்தான் ராஜா என்று தோன்றும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது தன் வேலையைக் காட்டும். ஆகவே வெயிலில் அவசரப்படக்கூடாது, குளிரில் சோம்பக்கூடாது. இதையெல்லாம் இஸ்திரியக்காவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அணியில் குச்சி என்று கூப்பிடுகிற பெண் மைதானத்தில் மயங்கி விழுந்தாள். ராத்திரி முழுக்க வேலை, காலையில் வயிற்றில் ஒன்றுமில்லை, அப்படியே ஆட வந்துவிட்டாள் மகராசி. பழி வெயில் மேல் விழுந்தது. மறுவாரமே செயலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். வெயில் காலத்துல பொம்பளைங்க ஆட்டம் வேண்டாம்."

"சரிங்க. அப்போ சாயங்காலம் ஆடறோம்."

"சாயங்காலம் எங்களுக்கே பத்தலை."

வெயில் காலத்தில் அவர்களுக்கென்று இருந்தது அந்த உச்சி வேளை ஒன்றுதான். அதுவும் போனால் அணி போயிற்று. இஸ்திரியக்காவுக்குக் காது வரை சூடேறியது.

"அண்ணே, ஒரே ஒரு மேட்ச். உங்களுக்கும் எங்களுக்கும். நாங்க தோத்தா இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டோம். ஜெயிச்சா ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நல்ல நேரம் எங்களுக்கு, எங்க நேரம் உங்களுக்கு. வெயில் காலம், குளிர் காலம் ரெண்டுக்கும்."

செயலாளர் சிரித்தேவிட்டார். "எப்போ வெச்சுக்கலாம்? சாயங்காலமா?"

"உச்சி வேளையில."

"ஓவர் எத்தனை?"

"உங்க வழக்கப்படியே."

ஆண்களின் வழக்கத்தில் ஓவர் கணக்கே கிடையாது. சாயங்காலம் ஆடுகிறவர்கள் ஆயிற்றே, இருட்டினால் ஆட்டம் முடிந்தது. செயலாளர் தலையாட்டினார். உச்சி வேளையில் தொடங்கினால் இருட்டுவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அந்த மனிதர் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்றிரவு அவள் புருஷன், பஸ் மெக்கானிக், ஆண்கள் அணியின் வேகப்பந்துக்காரன், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "ஏய், மானத்தை வாங்காதே. எதுக்கு இந்த வீம்பு?" என்றான்.

"வீம்புதான். அதுல என்ன தப்பு?" என்றாள்.

ஆண்கள் முதலில் ஆடினார்கள். வெயில் சிநேகிதம் காட்டிய நேரம். சிக்ஸர் சிக்ஸராகப் பறந்தது. சீக்கிரம் நிழலுக்குப் போகிற அவசரத்தில் கண்டபடி சுற்றி, நூற்றுச் சொச்சம் அடித்து, எல்லோரும் அவுட்டானார்கள். பிறகு ஆடவந்தாள் இஸ்திரியக்கா.

முதல் பந்தைத் தடுத்தாள். இரண்டாவதைத் தடுத்தாள். மூன்றாவதைத் தொடாமல் விட்டாள். ஓவர் மேல் ஓவர் போனது, பந்து அவள் காலடியிலேயே செத்து விழுந்தது. மறுமுனையில் இரண்டு பேர் வந்து போனார்கள். மூன்றாவதாக வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்த குச்சி ஒட்டிக்கொண்டாள். அவளும் தடுத்தாள்.

"அடிச்சு ஆடும்மா!" என்று கத்தினார் விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற செயலாளர்.

"என்ன அவசரம் அண்ணே? இருட்டட்டும்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வானத்தைப் பார்த்தார். சூரியனுக்கு இறங்குகிற யோசனையே இல்லை.

இன்னும் ஒரு மணி நேரம். எல்லைக்கோட்டில் நின்ற ஒருவர் தண்ணீர் குடிக்க மரத்தடிக்குப் போனார், திரும்பவில்லை. இன்னொருவர் அவரைக் கூப்பிடப் போனார், அவரும் அங்கேயே உட்கார்ந்தார். மெக்கானிக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்கப் பெண்டாட்டியிடம் வந்தான்.

"அடிச்சுத் தொலையேன்டி. நாக்கு தள்ளுது."

"அந்தத் தொப்பியைத் தண்ணியில நனைச்சுப் போட்டுக்கங்க. போய்ப் பந்து போடுங்க."

ஆள் குறையக் குறைய அவள் மெல்லத் தட்டத் தொடங்கினாள். காலி இடம் பார்த்து ஒன்று, மறுபடி ஒன்று. குச்சியும் ஒன்று. கடைசியில் செயலாளரே கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மரத்தடியில் போய்ச் சாய்ந்தார். மைதானத்தில் மிச்சம் நின்றவன் மெக்கானிக் ஒருவன்தான். அவனுக்கு ஓடிப்போனால் வீட்டில் பேச்சு கேட்கவேண்டி வரும்.

வெற்றிக்கு ஒரு ரன். அவன் போட்ட பந்தை மரத்தடிப் பக்கமாகத் தள்ளினாள். பந்து உருண்டு உருண்டு செயலாளரின் காலில் முட்டி நின்றது. அவர் குனியவில்லை. இஸ்திரியக்கா ஓடவில்லை. மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய் அந்த ரன்னை எடுத்தாள். பிறகு மரத்தடிக்கு வந்து பந்தை எடுத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணே, வெயில் ஒத்துக்கலையா?"

செயலாளர் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனால் பேச்சு மாறவில்லை. அத்தனை பேர் எதிரில் மாறவும் முடியாது.

குளிர் காலம் வந்தது. ஆண்களுக்கு விடிகாலை முறை வந்த முதல் ஞாயிறு, வெளியே ஒரே பனி. மெக்கானிக் இருட்டில் எழுந்து, இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, பல் கிடுகிடுக்கச் செருப்பைத் தேடினான். கதவைத் திறந்தான். சில்லென்ற காற்று வீட்டுக்குள் புகுந்தது.

"ஏய், நீயும் வாயேன், சும்மா பாக்க" என்றான் பரிதாபமாக.

இஸ்திரியக்கா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க. எனக்குக் குளிர் ஒத்துக்காது."