மியெனின் இடக்கைப் பேனா

"இல்லடி ஊத், மியென் எவன் பின்னாடியும் ஓடல. வாயை அலம்பிட்டுப் பேசு."

"அப்ப எதுக்கு அவ்வளவு காசைக் கொட்டி ஒரு பேனா? பொண்ணு தேடி வர்ற தைவான்காரனுக்குக் கடுதாசி எழுதத்தானே? ஆத்தா செத்து நாற்பத்தொன்பதாம் நாள் படையல்கூட ஆகல, இவ சைகோனுக்குப் பஸ் ஏறிட்டா."

"கூடப் போனது நான். தைவான்காரன் பஸ்ஸுல இருந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

காப்பிக் கடை ஊத்துக்கு வாய் ஓயாது. ஐஸைக் குத்திக்கொண்டே ஊரையும் குத்துவாள். அவளிடம் சொல்லி முடியாததை இங்கே முழுதாகச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மியென் எனக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரு தகரம்தான். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும்.

எங்கள் ஊர் சாதெக்கில் கல்யாணம் என்றால் மியெனின் கையெழுத்து இல்லாமல் பத்திரிகை வெளியே போகாது. அச்சடித்த சிவப்பு அட்டையில் விருந்தாளியின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். அச்சுக்கடை லாக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவான், இவள் உட்கார்ந்து பெயர்களை எழுதுவாள். கொடி சுற்றியதுபோல் இருக்கும் எழுத்து. படிக்கத் தெரியாத நானே ஒரு அட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஊரையெல்லாம் கல்யாணத்துக்கு அழைத்தவள் தனக்கென்று ஒரு அட்டை எழுதவில்லை. ஆத்தா படுக்கையில் விழுந்தபோது அவளுக்கு அதற்கான வயது இருந்தது. ஆத்தா போய்ச் சேர்ந்தபோது இல்லை.

ஊத்துக்குத் தெரியாத ஒன்று உண்டு. மியென் பிறவியிலேயே இடக்கைக்காரி. சின்ன வயதில் அந்தக் கையை அவள் ஆத்தா துணியால் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுதவும் வலக்கை, சாப்பாட்டுக் குச்சி பிடிக்கவும் வலக்கை. கெட்ட எண்ணம் இல்லை, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கக்கூடாதே என்றுதான். அப்புறம் அந்த ஆத்தா படுத்த கட்டிலிலிருந்து பார்த்தால் எழுதும் மேசை நேராகத் தெரியும். துணி என்றைக்கோ போய்விட்டது. அந்த இடக்கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

சைகோனில் குவாங் என்பவனின் பேனாக்கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. நிப்பைக் கையால் தேய்த்துப் பதப்படுத்திக் கொடுப்பான். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், பிள்ளைகளோடு தாய்மார் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். ஒன்று தக்கைபோல் இருந்தது. ஒன்றில் மூடியைப் பின்னால் செருகியதும் கை சாய்ந்தது. மியென் எல்லாவற்றையும் வலக்கையால் எழுதிப் பார்த்தாள். நின்றவர்கள் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

"அக்கா, உங்க எழுத்துக்குக் குச்சியைக் குடுத்தாலும் போதும். இன்னும் என்னதான் தேடுறீங்க?" என்றான் குவாங்.

அவன் வேறு ஆளைக் கவனிக்கத் திரும்பினான். இவள் வாசலை ஒருமுறை பார்த்தாள், ஆத்தா அங்கே நிற்கிற மாதிரி. பிறகு பேனாவை இடக்கைக்கு மாற்றினாள். கிர்ரென்று நிப்பு தாளைக் கிழித்தது. எல்லாரும் திரும்பினார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"மொதல்லயே சொல்லக்கூடாதா அக்கா? மத்தவங்க இழுத்து எழுதுறாங்க, நீங்க தள்ளி எழுதுறீங்க. முனையை வேற மாதிரி தேய்க்கணும்."

கரும்பச்சையில் ஒன்றை எடுத்தான். கனமும் இல்லை, லேசும் இல்லை. கல்லில் தேய்ப்பான், கொடுப்பான், அவள் எழுதுகிற சத்தத்தைக் காது வைத்துக் கேட்பான், திரும்ப வாங்கித் தேய்ப்பான். சீக்கிரம் காயும் ஊதா மை போட்டான். இல்லாவிட்டால் கை எழுத்தின் மேலேயே போய் அழித்துவிடுமாம். கடைசியில் சத்தமே இல்லை. அவள் தன் பெயரை எழுதினாள். கோணலும் மாணலுமாக, முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஆத்தா படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு மேசைக்கு வருவாள். மூடியைத் திருகும்போதே முகம் மாறும். வாரம் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் நிப்பைக் கழுவுவாள். ஆத்தாவைத் துடைத்துவிட்ட அதே பீங்கான் கிண்ணம்தான்.

"என்னடி தினமும் எழுதுற?"

"ஆத்துல தண்ணி ஏறினது, விரால் மீன் வாங்கினது. பழக்கத்துல ரெண்டு பேருக்குச் சோறு வச்சுட்டது."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல அக்கா. எழுதாம வச்சா பேனா காஞ்சுபோயிடும்."

ஜன்னல் வழியே எல்லாரும் பார்த்தார்கள். கோழி கிளறுகிறது என்று ஊத் சிரித்தாள். ஆத்தாவின் ஆவி கையைத் திருப்பிவிட்டது என்றார்கள் சிலர். கல்யாணச் சீசனில் லாக் வழக்கம்போல் கட்டோடு வந்தான். அவள் இடக்கையால் ஓர் அட்டையை எழுதிக் காட்டினாள்.

"இது என்ன கூத்து? எனக்குப் பழைய எழுத்துதான் வேணும். அந்தக் கை நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ஆத்தாவோட எழுத்து. அவங்க போனதும் போயிடுச்சு."

"அப்ப நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"பாத்துக்குங்க," என்று பேனாவை மூடினாள்.

அதோடு அந்த வாசலுக்கு யாரும் வரவில்லை. முன்பெல்லாம் கல்யாண வீட்டுக்காரர்கள் பழம் கொண்டுவந்து அந்த மேசையோரம் உட்கார்ந்து பேசுவார்கள். இப்போது தகரத்துக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் மட்டும்தான், அதுவும் ஒரே நாற்காலி. "வலக்கையால எழுதித் தொலைச்சா என்னடி?" என்று நானே ஒருநாள் கேட்டேன். கோபிக்கவில்லை. "மறுபடி கட்டிப் போடச் சொல்றீங்களா அக்கா?" என்றாள்.

நிப்பைச் சரிபார்க்க நாங்கள் இருவரும் மறுபடி சைகோன் போனபோது குவாங்தான் வழி சொன்னான். அவன் தங்கை தூரத்து மலை ஊரான தாலாத்தில் விதைக்கடை வைத்திருக்கிறாள், பொட்டலங்களில் பூவின் பெயர் எழுத ஆள் வேண்டுமாம்.

"பூ எந்தக் கைன்னு கேக்காது," என்றாள் மியென். ஆத்தா போனபின் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தாலாத்துக்குக் கிளம்புகிற அன்று மாதுளையும் ஊதுபத்தியும் வைத்துக் கும்பிட்டு, ஆத்தாவின் படத்தைத் தன் நல்ல சட்டையில் சுற்றிப் பையில் வைத்தாள். ஆத்தாவின் பூஜை மாடத்தை அநாதையாக விட்டுவிட்டுப் போனாள் என்கிற ஊத்துக்கு இதையும் சொல்லுங்கள். பேனா சட்டைப் பையில் இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு என் வாசலுக்கு வந்து சாவியை நீட்டினாள். எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு எதையும் இரண்டு கையாலும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். அவள் இடக்கையை மட்டும் நீட்டினாள், கட்டைவிரலில் ஊதா மை.

நானும் இடக்கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவள் ஊத்தின் கடையைத் தாண்டி, தலையைத் திருப்பாமல், படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.